செட்டிநாட்டு வீடு, அடைமழை: கேம் லெவல் அலங்காரமும் ஒலியும் (கோடோ 4.3 கேம் என்ஜின்)

திண்ணைவாசி:
ஃபர்ஸ்ட் பர்சன், ஒரே லெவல். முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றிய கூடம்), இரண்டாங்கட்டு (அதற்குப் பின்பகுதி) என்று நீளவாக்கில் 46 மீட்டர் வீடு. வெளியே அடைமழை, கரண்ட் கிடையாது. கிரேபாக்ஸ் (வெறும் பெட்டிகளால் கட்டிய முதல் மாதிரி) முடிந்து சுவர், தூண், ஓடு எல்லாம் ஏற்றியாயிற்று. மொபைல் ரெண்டரர் (கோடோ படம் வரையும் முறைகளில் கைப்பேசிக்கானது), ஆண்ட்ராய்டுக்கு. பிறகு பிரவுசரில் ஓடும் டெமோ ஒன்றும் வேண்டும்.

மூன்று சிக்கல்:
1. பார்த்தால் ஹோட்டல் லாபி மாதிரி இருக்கிறது, குடியிருந்த வீடு மாதிரி இல்லை.
2. மழை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கேட்கிறது. முற்றத்தில் நின்றாலும் உள்ளறையில் நின்றாலும் காதுக்குள் ரேடியோ வைத்தது போல.
3. நடக்கும் சத்தம் யாரோ பூட்ஸ் போட்டு நடப்பது போல் இருக்கிறது.

எதிலிருந்து தொடங்கலாம்?

கல்தச்சன்:
தரையிலிருந்து. ஃபர்ஸ்ட் பர்சனில் பாதித் திரை தரைதான்.

ஆத்தங்குடிக் கல்லுக்கு எல்லோரும் செய்யும் தப்பு, இணையத்தில் கிடைக்கும் செராமிக் டைல் மெட்டீரியலை எடுத்து மேலே பூ டிசைனை ஒட்டுவது. செராமிக் சூளையில் வெந்து மேல்பூச்சு ஏறியது. ஆத்தங்குடிக் கல் சூளை பார்க்காதது. கண்ணாடிப் பலகை மேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் சேர்த்துக் கட்டி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. அதனால் கோடுகள் அச்சடித்த மாதிரி கூர்மையாக இருக்காது, வண்ணங்கள் சேரும் இடம் அரை மில்லிமீட்டர் அலையும். கல்லுக்குக் கல் நிறமும் லேசாக மாறும்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். இந்தக் கல் நடக்க நடக்கப் பளபளக்கும். வழக்கமான தேய்மான மாஸ்க் ஜெனரேட்டர்கள் நடைபாதையை மங்கலாக்கி மூலையைப் புதிதாக விடும். இங்கே அதைத் தலைகீழாக்குங்கள்: நடைபாதையில் ரஃப்னஸ் (சொரசொரப்பு, குறையக் குறையப் பளபளப்பு) 0.2, சுவரோரம் 0.45, யாரும் மிதிக்காத தூண் அடியில் 0.55. ஹோட்டல் லாபி தோற்றத்தில் பாதி இதனால்தான்; முழுத் தரையும் ஒரே பளபளப்பு.

டெக்ஸ்சர் கணக்கு: எட்டு அங்குலக் கல் என்றால் ஒன்று ஏறத்தாழ 20 செ.மீ. 1024 பிக்சலுக்கு எட்டுக்கு எட்டு, 64 கல் வையுங்கள். கல்லுக்கு 128 பிக்சல், மொத்தம் 1.6 மீட்டர். டிசைன் இரண்டிரண்டு கல்லில் திரும்பிவிடும், உண்மைதான். ஆனால் நிற வேறுபாடும் விரிசலும் 64 கல்லுக்கு ஒருமுறைதான் திரும்பும், கண் பிடிக்காது. வேர்ல்டு டிரைபிளானர் (டெக்ஸ்சரை உலக அளவில் மூன்று திசையிலிருந்தும் ஒட்டும் முறை) போட்டால் ஸ்கேல் 0.625.

பரண்:
இதோடு ஒன்று. தரை முழுவதும் ஒரே மெஷ்ஷாக (ஒரே 3டி உருவமாக) வைத்திருந்தால் இப்போதே வெட்டுங்கள். மொபைல் ரெண்டரரில் ஒரு மெஷ்ஷுக்கு 8 ஆம்னி விளக்கு (எல்லாப் பக்கமும் ஒளிர்வது), 8 ஸ்பாட் (ஒரு பக்கம் மட்டும்), 8 டீகல் (பரப்பின் மேல் படியும் ஒட்டுப்படம்) தான். 46 மீட்டர் தரை ஒரே மெஷ் என்றால் ஒன்பதாவது அகல்விளக்கு எரியாது, அல்லது நடக்க நடக்க ஒன்று அணைந்து இன்னொன்று எரியும். பேய் வீடு எடுக்கிறீர்கள் என்றால் பரவாயில்லை.

ஒவ்வொரு கட்டுக்கும் குறைந்தது நான்கு துண்டு.

ஓடுகளும் அப்படியே. மல்ட்டிமெஷ் (ஒரே உருவத்தின் பல பிரதிகளை ஒன்றாக வரைவது) ஒன்றில் கூரை முழுவதையும் போட்டால் ஒரு ஓடு திரையில் தெரிந்தாலும் அத்தனையும் வரையப்படும். முற்றத்தின் நான்கு சாய்வுக்கும் தனித்தனி மல்ட்டிமெஷ்.

திண்ணைவாசி:
தரை வெட்டியாயிற்று. ரஃப்னஸ் தலைகீழாக்கியதும் நிஜமாகவே வித்தியாசம் தெரிகிறது. சாமான்கள்? வளவில் 60 பொருள் அடுக்கியும் வெறுமையாக இருக்கிறது.

கல்தச்சன்:
60-ஐ 15 ஆக்குங்கள். வளவு என்பது கல்யாணம், சடங்கு நடக்க வேண்டிய இடம், நடுவில் சாமான் இருக்காது. பொருள்கள் சுவரை ஒட்டியும் அறைக்குள்ளும்தான். வெறுமையாகத் தெரிவதற்குக் காரணம் பொருள் குறைவு இல்லை, எல்லாம் இடுப்பு உயரத்துக்குக் கீழே இருப்பது. மேலே பாருங்கள்: சுவரின் மேற்பகுதியில் வரிசையாகத் தாத்தா பாட்டி படங்கள், கயிற்றில் மாட்டி முன்பக்கம் 10-15 டிகிரி சாய்ந்து. உத்தரத்தில் ஊஞ்சல் கொக்கி, ஊஞ்சல் கழற்றியிருந்தாலும் கொக்கி மட்டும். நிலைப்படி மேல் மாவிலைத் தோரணம், காய்ந்தது.

தரையில் எங்கே: முற்றத்தின் மூலைகளில் தண்ணீர் பிடிக்கப் பித்தளை அண்டா. தூணுக்குப் பின்னால் சுருட்டிய பாய் இரண்டு. அறை வாசலில் மரப்பெட்டி. எனாமல் பாத்திரங்கள் இரண்டாங்கட்டில் மட்டும்.

செருப்பு முகப்புப் படிக்கு வெளியே. உள்ளே ஒரு செருப்பு கிடந்தாலும் தமிழ் ஆட்டக்காரர் உடனே கண்டுபிடிப்பார்.

பரண்:
கோலம் மறந்துவிட்டீர்கள். மழை நாளில் வாசல் தெருவில் கோலம் இருக்க முடியாது, கரைந்திருக்கும். உள்ளே தாழ்வாரத்தில் மாக்கோலம் வைக்கலாம். டீகலாக வேண்டாம்: பிரவுசர் டெமோ கம்பாட்டிபிளிட்டி என்ற வேறு ரெண்டரரில் ஓடும், 4.3-இல் அங்கே டீகல் தெரியாது. ஒரு குவாட் மெஷ் (தட்டையான நாற்கரம்), ஆல்பா (ஒளி ஊடுருவும்) டெக்ஸ்சர், தரைக்கு மேல் 3 மி.மீ. அதற்குக் கீழே இறக்கினால் தூரத்திலிருந்து மினுமினுக்கும்.

ஓசைக்காரி:
இப்போது காதுக்கு வருவோம். மழை ரேடியோ மாதிரி கேட்பதற்கு மூன்று காரணம் இருக்கும், மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

முதலாவது, ஆடியோ பிளேயர் 3டி-யின் இயல்பு மதிப்புகள். யூனிட் சைஸ் (கூடினால் ஒலி தூரம்வரை குறையாமல் வரும்) 10, மேக்ஸ் டிஸ்டன்ஸ் (அதைத் தாண்டினால் கேட்காத தூரம்) 0. பூஜ்யம் என்றால் எல்லையே இல்லை. வீட்டுக்குள் அது மைதானத்து ஒலிபெருக்கி. சொட்டுச் சத்தத்துக்கு யூனிட் சைஸ் 1.5, மேக்ஸ் டிஸ்டன்ஸ் 12. தாழ்வார நீருக்கு 3, 25.

இரண்டாவது, ஸ்டீரியோ ஃபைல். இடம் சார்ந்த ஒலி எல்லாம் மோனோவாக இருக்கட்டும். வேவ் என்றால் இம்போர்ட் பேனலிலேயே மோனோ ஆக்கும் வசதி உண்டு. ஓக் ஃபைலுக்கு அது இல்லை, ஆடாசிட்டியில் மாற்றிக் கொண்டு வர வேண்டும். ஓக்கில் லூப் டிக் இயல்பாக அணைந்திருக்கும், டிக் போட்டு ரீஇம்போர்ட் அழுத்த மறக்காதீர்கள். எம்பி3-ஐ லூப்புக்குத் தொடவே வேண்டாம், முன்னும் பின்னும் துளி மௌனம் சேரும், ஒவ்வொரு சுற்றிலும் விக்கும்.

மூன்றாவது, மழையை ஒரே ஒலியாக நினைப்பது. ஓட்டு வீட்டில் அது குறைந்தது நான்கு:

அ) தூரத்து மழை. இடம் இல்லாத ஸ்டீரியோ படுக்கை (அடியில் ஓடும் பின்னணி), சாதாரண ஆடியோ பிளேயர், மற்றவற்றுக்குக் கீழே -18 டெசிபல்.
ஆ) ஓட்டின் மேல் விழுவது. தலைக்கு மேல், மந்தமான படபடப்பு. இலவச நூலகங்களில் கூரை மழை என்று கிடைப்பதில் பெரும்பாலானவை தகரம். தகரம் கணகணவென்று கேட்கும், நாட்டு ஓடு அப்படிக் கேட்காது. வேறு வழியில்லை என்றால் 3000 ஹெர்ட்ஸுக்கு மேல் 8-10 டெசிபல் வெட்டுங்கள், ஓரளவு ஏமாற்றலாம்.
இ) தாழ்வார விளிம்பிலிருந்து முற்றத்துக் கல்லில் கொட்டுவது. இந்த வீட்டின் குரல் இதுதான்.
ஈ) அண்டாவில் விழும் தாரை.

'இ'-யில்தான் வேலை. தாழ்வாரம் ஒரு கோடு, புள்ளி இல்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் ஒரு பிளேயர் வைத்தால் குழாயைத் திறந்து விட்டது போல் இருக்கும். பக்கத்துக்கு ஒரு பாத் (கர்வ் என்ற கோடு கொண்ட நோடு), ஒரு பிளேயர். 0.1 நொடிக்கு ஒருமுறை ஆட்டக்காரருக்கு மிக அருகில் உள்ள புள்ளியைக் கர்விடம் கேட்டு, பிளேயரை அங்கே நகர்த்துங்கள். சட்டென்று தாவாமல் லெர்ப் செய்து (படிப்படியாக).

நான்கு பக்கத்துக்கும் ஒரே ஃபைல் போதும். ஆனால் நான்கும் ஒரே நொடியில் தொடங்கினால் அலைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, குழாய்க்குள்ளிருந்து கேட்பது போல் சீப்பு வடிகட்டல் (சில அலைவரிசைகள் மட்டும் அழிவது) வரும். சத்தமும் ஏறும்: ஒரே அலை நான்கு சேர்ந்தால் 12 டெசிபல் வரை, சம்பந்தமில்லாத நான்கு சேர்ந்தால் 6 டெசிபல்தான். ஒவ்வொன்றையும் ஃபைலின் வேறு வேறு இடத்திலிருந்து பிளே செய்யுங்கள்.

படுக்கை லூப்புக்கு ஒரு கணக்கு: 37 நொடியும் 53 நொடியும் உள்ள இரண்டு அடுக்கு. இரண்டும் பகா எண், சேர்ந்து திரும்ப 1961 நொடி, அதாவது அரை மணி நேரத்துக்கு மேல். ஒரே ஐந்து நிமிட ஃபைலைவிடச் சின்னது.

திண்ணைவாசி:
நன்றி, 'இ' செய்ததும் முற்றம் உயிர் பெற்றுவிட்டது. வளவில் எதிரொலிக்காக ஏரியா3டி (ஓர் இடத்தை வரையறுக்கும் நோடு) வைத்து ரிவெர்ப் பஸ் (எதிரொலி சேர்க்கும் ஒலித்தடம்) கொடுத்தேன். நான் வளவுக்குள் வந்தாலும் மழையில் எந்த மாற்றமும் இல்லை. பஸ் பெயர் சரியாகத்தான் இருக்கிறது.

ஓசைக்காரி:
ஏரியா பார்ப்பது கேட்பவர் எங்கே என்று அல்ல. ஒலி எழுப்பும் நோடு எங்கே என்று. மழை பிளேயர் முற்றத்தில் இருக்கிறது, ஏரியா வளவில். அதனால் தொடாது. வளவுக்குள் விழும் அடிச்சத்தம், கதவு, சாமான் இவற்றுக்கு இந்த ஏரியா சரியாக வேலை செய்யும். செய்யவில்லை என்றால் பிளேயரின் ஏரியா மாஸ்க்கும் ஏரியாவின் கொலிஷன் லேயரும் பொருந்துகிறதா பாருங்கள். இடம் இல்லாத சாதாரண பிளேயரை ஏரியா எப்போதும் கண்டுகொள்ளாது.

ரிவெர்ப் எஃபெக்டின் மதிப்புகளையும் மாற்றுங்கள். பிரீடிலே (முதல் எதிரொலி வரும் முன் தாமதம்) இயல்பாக 150 மில்லி நொடி. ஒலி 150 மில்லி நொடியில் 51 மீட்டர் போய்விடும், உங்கள் வீடே 46 தான். 20-க்கு இறக்குங்கள். சுண்ணாம்புப் பூச்சு வழவழப்பு, ஒலியை உறிஞ்சாது, அதனால் டேம்பிங் (எதிரொலி மங்கும் அளவு) 0.25-0.3. ரூம் சைஸ் 0.4. ஏரியா வழியாக அனுப்பும் பஸ்ஸில் டிரை (எதிரொலி சேராத மூல ஒலி) 0, இல்லையென்றால் மூல ஒலி இரண்டு முறை கேட்கும்.

முற்றத்துக்கு வானம் திறந்திருக்கிறது. அங்கே ரிவெர்ப் மிகக் கொஞ்சம்.

பரண்:
அப்படியானால் மழை உள்ளே மங்க வேண்டும் என்றால் ரேகாஸ்ட் போட்டுத் தடுப்பு கண்டுபிடிப்பதுதான் வழி. ஒவ்வொரு பிளேயரிலிருந்தும் தலைக்கு ஒரு கோடு, சுவர் குறுக்கே வந்தால் லோபாஸ் (மேல் அலைவரிசைகளை வெட்டும் வடிகட்டி).

ஓசைக்காரி:
இந்த வீட்டுக்கு அது வேண்டாம். தலைவாசலிலிருந்து பின்வாசல் வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். தூண்களுக்கு நடுவே நடக்கும்போது ரேகாஸ்ட் தூணில் பட்டும் படாமலும் மழை பக்பக்கென்று துடிக்கும். தூண் ஒலியைத் தடுப்பதும் இல்லை, ஒலி வளைந்து வந்துவிடும்.

வெளி மழை அத்தனையையும் 'மழை' என்ற ஒரே பஸ்ஸுக்கு அனுப்புங்கள். அதில் லோபாஸ் ஒன்று, ரிவெர்ப் ஒன்று. இடத்துக்கு ஏற்ப மூன்று நிலை:

முற்றம், தாழ்வாரம்: கட்ஆஃப் (லோபாஸ் வெட்டத் தொடங்கும் ஹெர்ட்ஸ்) 18000, சத்தம் 0 டெசிபல்.
வளவு: 6000, -4.
கதவு சாத்திய அறை: 1200, -12.

ட்வீனை (மதிப்பைப் படிப்படியாக மாற்றும் கருவியை) நேராகக் கட்ஆஃப் மேல் விடாதீர்கள். 18000-இலிருந்து 1200-க்கு நேர்கோட்டில் இறங்கினால் முக்கால்வாசி நேரம் எதுவும் மாறாதது போலிருந்து கடைசியில் பொத்தென்று விழும். லாகரிதத்தை ட்வீன் செய்து, அதைத் திரும்ப ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். வாசலில் டிரிகர் வைப்பதும் தப்பு, நிலைப்படியில் நின்று ஆடினால் ஒலியும் ஆடும். நிலைப்படிக்கு இருபுறமும் ஒரு மீட்டர் எடுத்து, ஆட்டக்காரர் அதில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பதை 0 முதல் 1 வரை கணக்கிட்டு அதையே மதிப்பாக வையுங்கள்.

பரண்:
தூண் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். கதவுக்கு மட்டும் ஒன்று: கதவு திறந்திருக்கும் கோணத்தையும் அந்த மதிப்போடு பெருக்குங்கள். அறையிலிருந்து கதவைத் திறக்கும்போது மழை உள்ளே நுழைவது இலவசமாகக் கிடைக்கும்.

சிம்னி:
வெளிச்சம் பற்றி யாரும் பேசவில்லையே. கரண்ட் இல்லாத மழைப் பகல் என்றால் முதன்மை விளக்கு முற்றத்து வானம்தான், சாம்பல் நீலம். லைட்மேப் பேக் செய்துவிடுங்கள் (வெளிச்சத்தை முன்கூட்டியே கணக்கிட்டுப் பதித்துவைப்பது). அகல்விளக்கு, குத்துவிளக்கு எல்லாம் 3 மீட்டர் எட்டும் ஆம்னி. அவற்றின் பேக் மோடு டைனமிக். ஸ்டாட்டிக் வைத்தால் நேர் வெளிச்சமும் லைட்மேப்பில் பதிந்துவிடும், பிறகு சுடர் ஆட எனர்ஜியை எவ்வளவு ஆட்டினாலும் ஒன்றும் நடக்காது. மின்னல் விளக்குக்கு பேக் மோடு டிசேபிள்டு.

மின்னல் ஒரே வெட்டாக வேண்டாம். 0.05 நொடி ஏற்றம், பாதி இறக்கம், மறுபடி ஏற்றம், 0.3 நொடியில் தணிவு. இடிக்குக் கிலோமீட்டருக்கு மூன்று நொடி தாமதம். தூர இடிக்கு மேல் அலைவரிசைகளை வெட்டி, உறுமல் மட்டும்.

மழைத்துளிக்கு: முற்றத்தின் அளவிலேயே எமிஷன் பெட்டி, கூரை உயரத்தில். அப்போது கொலிஷனே வேண்டாம், உள்ளே ஒரு துளி வராது. 7 மீட்டர் உயரம், நொடிக்கு 9 மீட்டர், லைஃப்டைம் 0.78, எண்ணிக்கை 400. விசிபிலிட்டி பெட்டியை முற்றம் முழுவதும் மூடும்படி பெரிதாக்குங்கள், இல்லாவிட்டால் தலையைத் திருப்பியதும் மழை நின்றுவிடும்.

தாழ்வாரத்து நீர் வேறு கணக்கு. வானத்துத் துளி வேகத்தோடு வரும், ஓட்டு விளிம்பில் சொட்டுவது பூஜ்யத்திலிருந்து தொடங்கும். தொடக்க வேகம் 0, ஈர்ப்பு 9.8, விளிம்பு 3 மீட்டர் உயரம் என்றால் லைஃப்டைம் 0.78. இரண்டையும் ஒரே வேகத்தில் விட்டால் ஏதோ பொய் என்று கண்ணுக்குத் தெரியும், என்னவென்று சொல்லத் தெரியாது. விளிம்பு முழுவதும் திரையாகவும் கொட்டாது, ஓட்டின் பள்ளத்துக்கு ஒரு நூலாகத்தான் இறங்கும்.

திண்ணைவாசி:
மூன்றாவது பாக்கி இருக்கிறது. அடிச்சத்தம்.

ஓசைக்காரி:
வெறுங்கால்! நூலகத்தில் டைல் நடை என்று கிடைப்பது அத்தனையும் காலணி. நீங்களே ஒரு மொபைலை முழங்கால் உயரத்தில் வைத்து வழவழப்பான தரையில் நடந்து பதியுங்கள், மின்விசிறியை அணைத்துவிட்டு. தரை வகைக்கு ஆறு பதிவு: ஆத்தங்குடிக் கல், முற்றத்து ஈரக் கல், மரப்படி. ரேண்டமைசரில் (ஒவ்வொரு முறையும் மாற்றி இசைப்பது) போட்டுப் பிட்ச் 1.06, சத்தம் 2 டெசிபல். அதற்கு மேல் பிட்சை ஆட்டினால் அடிக்கு அடி ஆள் மாறுவது போலிருக்கும்.

டைமரால் இயக்காதீர்கள், கடந்த தூரத்தால் இயக்குங்கள்: 0.7 மீட்டருக்கு ஒரு அடி. சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும்போது நடைச்சத்தம் வராது.

முற்றத்திலிருந்து ஏறியதும் முதல் எட்டு அடிக்கு ஈரச் சத்தத்தை மேலே சேர்த்து, ஒவ்வோர் அடிக்கும் 3 டெசிபல் குறையுங்கள். தரையில் ஈரப் பாதமும் பதிய வேண்டும் என்றால் கோலம் மாதிரியே குவாட், 16 மட்டும் வைத்துச் சுழற்றுங்கள்.

கல்தச்சன்:
அண்டா பற்றி ஒரு கேள்வி. காலியாக இருக்கும்போது ஒரு சுருதி, நிறைய நிறைய ஏறும். பிட்ச் ஸ்கேலை ஏற்றினால் போதுமா?

ஓசைக்காரி:
போதாது. பிட்ச் ஸ்கேல் சொட்டின் வேகத்தையும் கூட்டும், தண்ணீர் அவசரப்படுவது போல் ஆகும். நிஜ அண்டாவில் கால், அரை, முக்கால், நிறைவு என்று நான்கு பதிவு எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஆறு நொடி கிராஸ்ஃபேடு. நிறைந்ததும் ஓசை அடங்கி, விளிம்பில் வழிந்து கல்லில் விழும் சத்தம் மேலே வரும். ஆட்டக்காரர் அண்டாவைக் கவிழ்த்தால் முதல் பதிவுக்குத் திரும்புங்கள்.

திண்ணைவாசி:
ஆண்ட்ராய்டு பில்டு நன்றாக இருக்கிறது. பிரவுசர் பில்டில் மழை மங்குவதே இல்லை, எதிரொலியும் இல்லை. அதே ப்ராஜெக்ட்தான். முதல் திரையில் சத்தமே வரவில்லை, கிளிக் செய்த பிறகுதான் வந்தது.

பரண்:
கிளிக் விஷயம் பிரவுசரின் விதி. 'தட்டித் திறக்கவும்' என்று தலைவாசல் கதவையே முதல் திரையாக வையுங்கள், தீர்ந்தது.

மற்றது: 4.3 முதல் வெப் ஏற்றுமதியில் ஒலி இயல்பாக சாம்பிள் முறையில் (பிரவுசரே நேராக இசைப்பது) ஓடும். விக்காது, ஆனால் பஸ் எஃபெக்ட் எதுவும் வேலை செய்யாது. 'மழை' பஸ்ஸுக்குப் போகும் பிளேயர்களில் மட்டும் பிளேபேக் டைப்பை ஸ்ட்ரீம் ஆக்குங்கள். எல்லாவற்றையும் மாற்றினால் பழைய லேப்டாப்பில் கரகரக்கும்.

ஓசைக்காரி:
ஸ்ட்ரீமிலும் கரகரத்தால் வெப்புக்கு மட்டும் லோபாஸை விட்டுவிடலாம். தாழ்வார மழையை மங்கவைத்து இன்னொரு ஃபைலாகவே எடுத்துக்கொண்டு, அதே 0 முதல் 1 மதிப்பால் இரண்டுக்கும் நடுவே சத்தத்தை மாற்றுங்கள். இரண்டும் ஒரே நொடியில் தொடங்க வேண்டும், இங்கே மட்டும்.